கெட்டிப் பனிக்கு ஏற்றது

"இது வேண்டாண்டா. ரொம்ப ஒல்லியா இருக்கு."

நாகலக்ஷ்மி குறை சொன்னது, பனியில் சறுக்கக் காலில் மாட்டிக்கொள்ளும் ஸ்கீ ஜோடி ஒன்றை. பொசுக்கென்று நாலு தூறல் பனி விழுந்தாலே பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிடும் அமெரிக்க ஊர் பிளானோ. அங்கேயும் ஸ்கீக்கென்று ஒரு கடை, அதில் சனிக்கிழமைக் கூட்டம் வேறு.

"ஒல்லியாதாம்மா இருக்கணும்," என்றான் கிரீஷ். "கொலராடோல இப்ப புதுப் பனி இல்ல. எல்லாரும் சறுக்கிச் சறுக்கி கெட்டிப்பட்டுப் போன பனி. அகலமான ஸ்கீ அதுல பிடிப்பு இல்லாம வழுக்கிண்டு போயிடும். காலுக்கு அடியில ஒல்லியா, விறைப்பா, எட்ஜ் ஷார்ப்பா இருந்தாதான் கண்ட்ரோல் பண்ண முடியும்."

"அதுக்காக இப்படியா? அதோ அந்தச் சிவப்பைப் பாரு. நன்னா அகலமா, லட்சணமா..."

"அது புஸுபுஸுன்னு கிடக்கற புதுப் பனிக்கு."

எந்தப் பனியானால் நாகலக்ஷ்மிக்கு என்ன? இவனை இன்னும் கொஞ்ச நேரம் கடைக்குள்ளேயே நிறுத்தி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அவனுக்காக அவள் பார்த்து வைத்திருக்கும் பெண் அஞ்சனாவும் அவள் அம்மாவும் இன்னும் வந்து சேரவில்லை.

கிரீஷுக்கு முப்பத்திரண்டு ஆகிறது. பெண் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தாலே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிடுவான். போன மாதம் கோயிலில் ஒரு குடும்பத்தைத் தற்செயலாகச் சந்திப்பதுபோல ஏற்பாடு செய்தாள். விஷயம் புரிந்ததும் பிரசாதத்தைக்கூட வாங்காமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அஞ்சனாவின் ஜாதகத்தைக் கொடுத்தது கோயில் சிநேகிதி விசாலாக்ஷி. பொருத்தமெல்லாம் அமோகம். போட்டோவில் பெண் கொஞ்சம் ஒல்லிதான். ஆனால் தானே பார்த்த பெண்ணாயிற்றே, 'கொடி மாதிரி இருக்கா' என்று பூரித்துப்போனாள் நாகலக்ஷ்மி. மகன் கைகாட்டிய கார், சோபா, ஜன்னல் திரை எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்த அதே நாகலக்ஷ்மிதான். இந்த இடமும் கை நழுவினால் இவன் கடைசிவரை தனிமரம்தான் என்று அவளுக்கு ஒரே கவலை.

'கிரீஷ் ஸ்கீ வாங்கப் போறான்னு சொன்னேளே, அந்தக் கடையிலேயே சந்திச்சா சந்தேகமே வராது' என்று யோசனை சொன்னதும் விசாலாக்ஷிதான்.

கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. விசாலாக்ஷியின் மெசேஜ்: 'டால்வே ரோட்டுல அவாளுக்கு டிராஃபிக்காம். பையனைப் பிடிச்சு வையுங்கோ!'

"சரிம்மா, இதையே எடுத்துக்கறேன்," என்றான் கிரீஷ்.

"இருடா! என்ன அவசரம்? நிமிர்த்திப் பக்கத்துல வெச்சுப் பாரு." நிமிர்த்தினான். அவள் முகம் மலர்ந்தது, பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு கிடைத்துவிட்டது. "பாத்தியா! உன் தோளுக்குக்கூட வரலை. உன் உயரத்துக்கு இது குட்டைடா."

"கெட்டிப் பனியில குட்டையா இருந்தா டக்குனு திரும்பலாம்மா," என்று முணுமுணுத்தான் அவன், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

கடைக்காரர் வந்து, பூட்ஸ் கொண்டு வந்தாயா, அதை வைத்துத்தான் ஸ்கீயில் கொக்கியைப் பொருத்த முடியும் என்று இங்கிலீஷில் கேட்டார். வந்துகொண்டே இருக்கிறது என்றான் கிரீஷ். அவள் காதில் அது விழுந்தது, மனதில் ஏறவில்லை. வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள். கையுறையை மாட்டினாள், கழற்றினாள். ஒரு ஹெல்மெட்டைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொண்டு, "எனக்கு எப்படிடா இருக்கு?" என்றாள்.

"சூப்பர்மா," என்ற கிரீஷும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடத்தான் வழி பார்க்கிறான் என்று, அவனுக்கும் வாசலுக்கும் நடுவே போய் நின்றுகொண்டாள்.

கண்ணாடிக் கதவு திறந்தது. முன்னால் அஞ்சனாவின் அம்மா, பின்னால் தோளில் ஒரு பெரிய பையோடு அஞ்சனா.

நாகலக்ஷ்மி ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்துபோய், காலையிலிருந்து ஒத்திகை பார்த்த வசனத்தை அவிழ்த்துவிட்டாள். "அட! மாமி, நீங்களா? என்ன ஒரு கோஇன்சிடென்ஸ்!"

"ஆமாம் மாமி, நாங்க சும்மா இந்தப் பக்கமா..." என்று அஞ்சனாவின் அம்மாவும் தன் பங்குக்கு ஆரம்பித்தாள்.

அஞ்சனா இருவரையும் பார்த்து ஒரு வணக்கம் போட்டுவிட்டு, நேராக கிரீஷிடம் போனாள். பையைத் திறந்து, தேய்ந்த தன் ஸ்கீ பூட்ஸை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"சாரிடா, செம டிராஃபிக். இதுதானா?"

அவன் அந்த ஒல்லி ஸ்கீயை அவள் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தான். சரியாக அவள் மூக்கு வரை வந்தது.

கடை நடுவே இரண்டு அம்மாக்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"விசாலாக்ஷி ஆன்ட்டிகிட்ட ஜாதகத்தைக் கொடுத்து, உன்கிட்ட தரச் சொன்னதே நான்தாம்மா," என்றான் கிரீஷ், அம்மாவின் தலையிலிருந்து ஹெல்மெட்டை மெதுவாகக் கழற்றியபடி. "நானா இவளைக் கூட்டிண்டு வந்திருந்தா, 'வேண்டாண்டா, ரொம்ப ஒல்லியா இருக்கா'ன்னு சொல்லியிருப்பியே!"