மண் கொப்பி

“இது உங்க கையெழுத்துதானே?”

வைதேகி ஒரு நோட்டுப் புத்தகத்தின் போட்டோகாப்பித் தாள்களை மேசையில் பரப்பினாள். எதிரே இருந்த நித்தியானந்தன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஓம் மேடம். என்ர கொப்பிதான்.”

இல்லை என்பார் என்று காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதுகூட நம்பியிருந்தாள். மெல்போர்னில் ஒரு கோர்ட்டின் கீழ்த்தளம். ஜன்னல் இல்லாத அறை. சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால். பத்தரைக்கு ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறது. இலவசச் சட்ட உதவியில் அவளுக்கு வந்த வழக்கு இது.

கிரான்பர்ன் புறநகரைத் தாண்டி வரதராஜன் என்பவருக்குத் தக்காளித் தோட்டம் இருந்தது. அதன் பின்பக்கம், சோளத்துக்கு நடுவே நின்ற நாற்பது கஞ்சாச் செடிகளை முந்தாநாள் போலீஸ் பிடித்தது. இலங்கையிலிருந்து படகில் வந்து, பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக விசாவில், வேலை செய்ய அனுமதி இல்லாமல் இருந்த நித்தியானந்தன் அந்தத் தோட்டத்து ஷெட்டில்தான் படுத்துக்கொண்டிருந்தார். ‘பின் நிலத்தை இவரை நம்பி விட்டிருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று வரதராஜன் எழுதிக் கொடுத்துவிட்டார்.

“தண்ணி மட்டும்தான் ஊத்தினேன், என்ன செடின்னே தெரியாதுன்னு நேத்து போன்ல சொன்னீங்களே?”

“பயத்தில சொன்னனான்.”

“அப்ப தெரியும்.”

“இலையைப் பார்த்த உடன தெரிஞ்சிட்டுது.”

வைதேகி பேனாவை மூடி வைத்தாள். தண்டனை கிடைத்தால் விசா போகும். விசா போனால் அடுத்தது விமானம். வவுனியாவில் இவருடைய மனைவியும் மகளும் இருப்பதாக ஃபைலில் எழுதியிருந்தது.

“நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் வாராவாரம் தேதி போட்டு ஒரு நம்பர் எழுதியிருக்கீங்க. அது என்ன?”

“மண்ணின்ர பி.எச். மண் புளிப்பா காரமா எண்டு பார்க்கிற அளவு. ஏழு நடு. அதுக்குக் கீழ போனால் புளிப்பு, மேல போனால் காரம்.”

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

“கிளிநொச்சியில விவசாயத் திணைக்களத்தில. மண் பரிசோதிக்கிறதுதான் என்ர வேலை. பதினொரு வருசம்.”

“கேளுங்க. நம்பர் ஏறிக்கிட்டே போகுது. ஒரு நிபுணர் கூடவே இருந்து பயிரை வளர்த்திருக்கார், அதுக்கு அவரே கைப்பட எழுதின ஆதாரம் இதுன்னு போலீஸ் சொல்லுது. ஷெட்டுக்குப் பின்னால காலி சுண்ணாம்பு மூட்டை வேற கிடந்திருக்கு.”

“சுண்ணாம்பு வாங்கித் தந்தது வரதராஜன்.”

“யார் கேட்டு?”

“நான் கேட்டுத்தான்.”

வைதேகி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். போலீஸ் எடுத்த படம் ஒன்றை அவர் பக்கம் தள்ளினாள். படத்தில் செடிகள் வெளிறிப்போய் நின்றன.

“இலையெல்லாம் ஏன் இப்படி மஞ்சளா இருக்கு?”

அவர் படத்தைக் கையில் எடுத்தார். அதுவரை தடுமாறிய குரல் நிதானத்துக்கு வந்தது.

“மேல் இலையைப் பாருங்கோ. நரம்பு பச்சை, இடையில மஞ்சள். மண்ணில இரும்புச் சத்து இருக்கு, ஆனா வேரால எடுக்கேலாது. காரம் கூடினால் அப்படித்தான். பொங்கலுக்குப் பிறகு தொடங்கினது. வரதராஜன் ஒவ்வொரு நாளும் வந்து பக்கத்தில நிண்டு, இதைத் திருத்து, இல்லாட்டி இமிக்ரேஷனுக்கு ஒரு போன் கோல் போதும் எண்டுவார்.”

“அங்கேயிருந்து வெளிய வந்திருக்கலாமே?”

“எங்க போறது? போலீசிட்டப் போனால், அனுமதி இல்லாமல் வேலை செய்தாய் எண்டு முதல்ல என்னைத்தான் பிடிப்பாங்கள் எண்டு நினைச்சன்.”

கதவு தட்டப்பட்டது. இன்னும் ஐந்து நிமிடம் என்று காவலர் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

வைதேகி எழுந்து தாள்களை அடுக்கினாள். “மேல போனதும் வாயே திறக்காதீங்க. இப்ப என்கிட்ட சொன்னதுல ஒரு வார்த்தை வெளிய வந்தாலும் நான் ஒண்ணும் செய்ய முடியாது.”

“சரி மேடம்.”

அந்தப் பணிவு அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. செய்ததை எல்லாம் செய்துவிட்டு இப்படி உட்கார்ந்திருக்கிறாரே என்றிருந்தது.

“பதினொரு வருஷம் இதே வேலைன்னு சொல்றீங்க. இந்த மஞ்சளைக்கூட உங்களால சரி பண்ண முடியலையா? அந்தச் செடிக்கு எவ்வளவுதான் இருக்கணும்?”

“ஆறரை எண்டால் திறம்.”

வைதேகி கையிலிருந்த தாள்களைப் பார்த்தாள். மார்ச் மாதக் கடைசி வரி எட்டு புள்ளி இரண்டு. பின்னோக்கிப் புரட்டினாள். ஏழு புள்ளி எட்டு. ஏழு புள்ளி மூன்று. ஆறு புள்ளி ஒன்பது. நவம்பர் முதல் வாரம், முதல் வரி: ஆறரை.

அவள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“நான் அங்க போகேக்க மண் நல்லாத்தான் இருந்தது, மேடம்,” என்றார் நித்தியானந்தன், அவள் முகத்தைப் பார்க்காமல். “காரம் ஏறிச் செடி ஒண்டும் தப்பக்கூடாது எண்டுதான் சுண்ணாம்பு போட்டனான். ஒரேயடியாப் போட்டால் கண்டுபிடிச்சிடுவார், அதால கிழமைக்குக் கிழமை அளந்து அளந்து போட்டனான்.”