தர்ஷனுக்கு ஒரு ஸ்பீக்கர்

“இன்னும் கூட்டுங்கோ தம்பி. மகன் வீட்டிலை டிஜே அடிக்கிறவன், அவனுக்கு உந்தச் சத்தம் காணாது.”

சொல்லிவிட்டுக் கனகாம்பிகை குடையை விரித்துக்கொண்டு கடையை விட்டே வெளியேறினார். மானிப்பாய் வீதியைக் கடந்து, எதிரே இருந்த மருந்துக்கடை வாசலில் நின்று காதைத் திருப்பினார். ஸ்பீக்கர் வாங்க வந்தவர் தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பதைக் கடைக்காரன் பிரகலாதன் பத்து வருட வியாபாரத்தில் இன்றுதான் பார்க்கிறான்.

சுற்றுலா வான்காரர் யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று மூலையில் போட்டிருந்த ஸ்பீக்கர் பெட்டி அது. அதற்குள் எந்தப் பாட்டைப் போட்டாலும் தகரக் கூரையில் தேங்காய் விழுகிற சத்தம்தான் வரும்.

நனைந்த சேலைக் கரையைப் பிழிந்தபடி அவர் திரும்பி வந்ததும், பிரகலாதன் தனக்குப் பிடித்த சின்ன ஸ்பீக்கர் சோடியைத் தூக்கி முன்னால் வைத்தான்.

“அன்ரி, வீட்டிலை வைச்சு டிஜே அடிக்கிறதுக்கு அந்தப் பெட்டி சரிவராது. இதைக் கேளுங்கோ. ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாத் தெரியும்.”

“எங்கடை வீட்டு ஒழுங்கை முனையிலை நிண்டாக் கேக்குமோ?”

“அறைக்கை இருக்கிற ஆளுக்குக் கேக்கத்தானே அன்ரி ஸ்பீக்கர்!”

“அப்ப வேண்டாம். அந்தப் பெரிசையே தாங்கோ. இண்டைக்குப் பொழுதுபட முதல் வீட்டிலை கொண்டுவந்து பூட்டித் தர வேணும். நாளை மட்டும் பொறுக்கேலாது.”

அறுபது தாண்டிய மனுசி. இந்த மாரி மழைக்குள் இணுவிலில் இருந்து பஸ்ஸில் வந்து நிற்கிறார். ஊரின் நித்திரையைக் கெடுக்கப்போகிற துரை வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறார். முகம் தெரியாத அந்த மகன்மேல் பிரகலாதனுக்கு அருவருப்பு வந்தது.

“அவர் ஏன் வரேல்லை?”

“அவன் வெளிக்கிட மாட்டான் தம்பி.”

பின்னேரம் நான்கு மணிக்குப் பெட்டியை வானில் ஏற்றிக்கொண்டு பிரகலாதன் இணுவிலுக்குப் போனான். வீட்டுக்குப் போகிற குறுகிய ஒழுங்கை முழுக்கச் சேறு. வான் புதைந்து புதைந்து போய்க் கனகாம்பிகையின் வீட்டு வாசலில் நின்றபோது, பக்கத்து வீட்டு முன்கதவுக்கு ஒருவர் புதுப் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“போன கிழமை அந்த வீட்டை உடைச்சுப் போட்டாங்கள். தனிய இருந்த மனுசிக்குத் தலையிலை வெட்டு,” என்றார் கனகாம்பிகை, படலையைத் திறந்தபடி.

“உங்களுக்கென்ன பயம்? ஆம்பிளைப் பிள்ளை நிக்கிறார்தானே.” பிரகலாதன் குத்தலாகத்தான் சொன்னான்.

அவர் “ஓம்” என்று மட்டும் சொன்னார். பிறகு வீட்டைப் பார்த்து, ஒழுங்கையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். “தர்ஷன்! உன்ரை ஸ்பீக்கர் வந்திட்டுதடா!”

ஒரு தலைகூட வெளியே எட்டிப் பார்க்கவில்லை.

வாசற்படியில் பெரிய பெரிய சப்பாத்துகள் மூன்று சோடி. விறாந்தைக் கொடியில் கிழிசல் ஜீன்ஸ் இரண்டு. இந்தச் சேற்றுக்குள்ளும் அந்தச் சப்பாத்துகளில் ஒரு பொட்டு அழுக்கு இல்லை. அதையும் தாய்தான் துடைத்து வைக்கிறார் போலும். பிரகலாதன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் பிடிக்க, மறுபக்கத்தை அவர்தான் பிடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. சாத்தியிருந்த அறைக் கதவுக்குப் பின்னால் ஆள் அசையும் அசுமாத்தமும் இல்லை.

“எங்கை வைக்கிறது?”

“யன்னலடியிலை. முகம் றோட்டைப் பாத்து இருக்கட்டும்.”

றோட்டுக்கு டிஜே அடிக்கிற ஒருவனை இன்றுதான் கேள்விப்படுகிறான். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. இன்னொருவர் வீடு என்று விழுங்கிக்கொண்டான்.

“மகன்ரை டிஜே மிக்சர் மிசினிலை இருந்து வயர் இழுக்க வேணும். அறையைத் திறக்கச் சொல்லுங்கோ.”

“அது வேண்டாம் தம்பி. என்ரை போனிலை இருந்து பாட்டுப் போடக் காட்டித் தாங்கோ, காணும். அவன் நித்திரை.”

பின்னேரம் நாலரைக்கு நித்திரை! காலையில் இருந்து அடக்கி வைத்ததெல்லாம் பிரகலாதனுக்குப் பொங்கிவிட்டது. ஒரே எட்டில் போய் அறைக் கதவில் ஓங்கி அடித்தான்.

“டேய், எழும்படா! பெத்த தாய் சேத்துக்கை நிண்டு பெட்டி காவுறா, உனக்கு நித்திரையோ? நீயெல்லாம் ஒரு மகனோ?”

கதவு பூட்டியிருக்கவில்லை. அடித்த வேகத்தில் ஆவென்று திறந்தது.

உள்ளே கட்டில் இல்லை. மிக்சர் இல்லை. சுவரோரம் ஒரு மூட்டை நெல்லும், அதன்மேல் மூன்று வெறும் சப்பாத்துப் பெட்டிகளும் இருந்தன.

“மகன் எங்கை அன்ரி? இஞ்சை ஒருத்தரும் இல்லையே!” என்று பிரகலாதன் கத்தினான்.

ஓடிவந்த கனகாம்பிகை அவனுடைய கையை இறுக்கிப் பிடித்தார். கண் யன்னலையும் றோட்டையும் பார்த்தது.

“மெல்லக் கதையுங்கோ தம்பி. எனக்குப் பிள்ளையளே இல்லையெண்டு கள்ளருக்குக் கேட்டிடும்.”