மாடி ஜன்னலில் ஒரு கை

ஒரு விடுகதை. வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லாரும் வெளியே போய்விட்டார்கள். உள்ளே ஈ, காக்கை கிடையாது. ஆனால் மாடி ஜன்னல் திரையை உள்ளிருந்து ஒரு கை இழுத்து மூடுகிறது. யாருடைய கை?

யோசித்துக்கொண்டே இருங்கள். அதற்குள் படம் ஆரம்பித்துவிடும்.

ஒரு வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் டிவியில் அந்த ஒரே படம்தான். கதையில் ஒரு மறதிக்கார மனிதர், அவரைக் கட்டி மேய்க்கும் ஒரு குடும்பம். சிரிக்காமல் பார்க்க முடியாது. ஆனால் படம் முழுக்கத் தப்புகள். சமையலறையிலிருந்து பச்சைச் சட்டையில் கிளம்பும் மறதிக்காரர், கூடத்துக்கு வரும்போது நீலச் சட்டையில் இருப்பார். காலைச் சாப்பாட்டு நேரத்தில் சுவர்க் கடிகாரம் நாலே கால் காட்டும். போலீஸ்காரர் அழும்போது மீசை ஒரு பக்கம் மட்டும் எழுந்து நிற்கும்.

தப்பைப் பிடிப்பதுதான் வீட்டில் ஆட்டம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். அப்பா போட்ட சட்டம் அது. முதலில் இருபத்தைந்து தப்பு பிடிப்பவர், அடுத்த வாரத்திலிருந்து எந்தப் படம் என்று முடிவு செய்யலாம்.

அண்ணன் இதுவரை பிடித்தது இருபத்துநாலு. தங்கையும் இருபத்துநாலு. அவளுக்கு எட்டு வயது. பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. மீசையைப் பிடித்தது அவள்தான். படம் அவளுக்கு எப்போதோ சலித்துவிட்டது. ஜெயித்தால் குரங்குப் படம் என்று முடிவு செய்து வைத்திருந்தாள்.

"எனக்கு இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

"ரொம்ப விரிச்சுப் பார்க்காத. முழி கழண்டு விழுந்துடப் போகுது," என்றான் அண்ணன்.

சாவியைத் தொலைத்த மறதிக்காரர், பூட்டிய தன் வீட்டு வாசலில் நின்று மணியடித்தார். "யாரும் இல்லையா? சரி, அப்புறம் வரேன்" என்று தன் வீட்டிடமே சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அவர் தலைக்கு மேலே, மாடியில், திரை நகர்ந்தது.

"நிறுத்துங்கப்பா! கை! மாடில ஒரு கை திரையை இழுத்துச்சு! எல்லாரும்தான் வெளியே போயிட்டாங்களே!"

அப்பா ரிமோட்டை அழுத்தவில்லை. "சரி சரி, படத்தைப் பாரு."

"இருபத்தஞ்சு! எழுதுங்க!"

"அது தப்பு இல்ல," என்றாள் அம்மா.

"ஆளில்லாத வீட்டுல கை வந்தா தப்பு இல்லையா? அழுகுணி ஆட்டம்! டேய் அண்ணா, நீ சொல்லு!"

எதற்கும் வாய் ஓயாத அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வாரமும் இந்த இடத்தில் யாருமே சிரித்ததில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

மூலை நாற்காலியிலிருந்து மெதுவாக ஒரு குரல்.

"சாப்டீங்களா?"

அத்தை. அப்பாவின் அக்கா. டிவியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

குழந்தை டிவியையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். சமையலறைக்குப் போன அம்மாவின் பின்னாலேயே ஓடினாள்.

"அத்தை யார்கிட்டம்மா பேசுறாங்க?"

பேச்சு கூடத்தில் கேட்காமல் இருக்க, அம்மா குழாயைத் திறந்துவிட்டாள்.

"மாமா, அதான் அத்தை வீட்டுக்காரர், இந்தப் படத்துலதான் வேலை பார்த்தார். மேசை நாற்காலி தூக்கிப் போடறது, திரை மாட்டறது. கடைசி நாள் ஷூட்டிங்ல ஏணி சரிஞ்சுது. மனுஷன் வீடு திரும்பல. அது அவர் கைதான்னு அத்தை நம்பறாங்க. அதைக் கணக்குல சேர்க்காதே. உத்துப் பார்க்கவும் பார்க்காதே."

"உத்துப் பார்த்தா என்ன?"

அம்மா குழாயை மூடினாள்.

திரும்பி வந்தபோது அத்தையின் நாற்காலி டிவிக்குப் பக்கத்தில் இருந்தது.

"தம்பி, அந்த இடத்தை மறுபடி போடு."

"வேணாம்க்கா. தலைவலி வரும் உனக்கு."

"போடுடா. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு, வெள்ளையா ஏதோ அசையுதுன்னு மட்டும்தான் தெரியுது. நீங்க யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கறீங்க. பூதக்கண்ணாடி பார்த்துச் சொல்லட்டும்." குழந்தையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "நல்லா பாரு கண்ணு. மாமா கைதானே?"

அப்பா வேறு வழியில்லாமல் படத்தைப் பின்னால் ஓட்டினார். கையில் வந்து நிறுத்தினார்.

மெல்லிய விரல்கள். நீளமாக வளர்த்த நகங்கள். ஐந்திலும் சிவப்புச் சாயம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் டிவியைப் பார்க்கவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கண்ணு, பேச்சையே காணோம்?"

"மாமா கைதான் அத்தை. நல்லாவே தெரியுது."

அத்தை மூச்சை விட்டு நாற்காலியில் சாய்ந்தாள். "எனக்குத் தெரியும். கேமரா ஓடுதான்னு கூடப் பார்க்காத அவசரக்காரர். தப்பு அவரோடதுதான். குழந்தை கணக்குல சேருங்க."

அண்ணன் நோட்டை எடுத்து எழுதினான்.

"இருபத்தஞ்சு. ஜெயிச்சுட்ட. சொல்லு, அடுத்த வாரத்துலேர்ந்து எந்தப் படம்?"

அவள் இதே படத்தைச் சொன்னாள்.