ருக்மிணி கையால் ஒரு வாய்

"கட்டின பொண்டாட்டி தள்ளி நின்னு வேடிக்கை பார்க்கறா. கூலிக்கு வந்தவ ஊட்டி விடறா. நல்லா இருக்குடா சாமி இந்தக் கூத்து!"

செருப்பைக் கழற்றும்போதே அம்புஜம் ஆரம்பித்துவிட்டாள். மல்லேஸ்வரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி, ஆஸ்டின் டவுனுக்குத் தம்பியைப் பார்க்க வந்திருந்தாள்.

தம்பி கணேசமூர்த்தி ஐசியூவிலிருந்து பிழைத்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தோளெல்லாம் எலும்பு. ஸ்பூனைப் பிடித்தால் கை நடுங்கியது. ஆயா ரத்தினம்மாள்தான் ரசம் சாதத்தைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் மனைவி ருக்மிணி சமையலறை வாசலோடு சரி.

"ஏன் ருக்மிணி, நீ ஊட்டினா வளையல் தேஞ்சிடுமா?"

"எனக்கு என்னமோ மாதிரி இருக்கு அண்ணி. ஆயாதான் நல்லா பார்த்துக்கறாங்களே."

"என்னமோ மாதிரின்னா? அருவருப்பா?"

ருக்மிணி உள்ளே போய்விட்டாள்.

அம்புஜத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா செத்த பிறகு மூர்த்தியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். இவளைத் தங்கமாத் தாங்கினானே, படுத்த பிறகு ஒரு வாய் சோற்றுக்கு வக்கில்லையா என்று வயிறெரிந்தாள்.

"நாளைக்குச் செக்கப்புதானே? நானும் வரேன். இந்த லட்சணத்துல பார்த்துக்கிட்டா மனுஷன் தேறுவானான்னு டாக்டர்கிட்டயே கேட்டுடறேன்."

ருக்மிணி எட்டிப் பார்த்தாள். முகம் வெளிறியிருந்தது. "வேண்டாம் அண்ணி. உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"குட்டு உடைஞ்சிடும்னு பயமா? உடையட்டும்!"

மறுநாள் ஆட்டோவில் மூர்த்திக்கு ஒரு பக்கம் அக்கா, மறு பக்கம் ஆயா. ருக்மிணி பின்னால் வேறொரு ஆட்டோவில் வந்தாள். ஆஸ்பத்திரியிலும் டாக்டர் அறைக்குள் வராமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். பார்த்தீங்களா அழுத்தத்தை என்று அம்புஜம் ஆயாவிடம் முணுமுணுத்தாள்.

டாக்டர் சுப்ரியா மூர்த்தியின் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டு, அவனை ஆயாவோடு பக்கத்து அறைக்கு நடைப்பயிற்சிக்கு அனுப்பினார். அம்புஜம் அதற்குத்தான் காத்திருந்தாள்.

"டாக்டர், இவன் பொண்டாட்டி இவன்கிட்டயே வரமாட்டேங்கறா. நீங்க நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்கணும்."

"வர வேண்டாம்னு சொன்னதே நான்தாம்மா."

"என்னது?"

"அவங்க பக்கத்துல வந்தாலே இவருக்கு வேர்த்துக் கொட்டுது, மூச்சு முட்டுது. அவங்க தண்ணி கொடுத்தா வாயை இறுக்கி மூடிக்கறார். ஐசியூவுல இருந்து போறவங்க நிறையப் பேருக்கு இப்படி ஏதாவது பயம் இருக்கும். உடம்பு வீட்டுக்குப் போயிடும், மனசு போக நாளாகும். மத்தவங்களுக்கு அது பெரும்பாலும் வெறும் கெட்ட கனவு. இவருக்கு நிஜமாவே நடந்திருக்கு."

"என்ன நடந்தது?"

"வாயில இருந்த குழாயை எடுத்த அன்னைக்கு, ஒரு சொட்டு தண்ணி கொடுக்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னோம். பார்க்க வந்த வீட்டு ஆள் ஒருத்தர், தீர்த்தம்னு வாயில ஊத்திட்டாங்க. அது நேரா நுரையீரலுக்குப் போயிடுச்சு. மறுபடியும் குழாய், மறுபடியும் மெஷின். மனுஷன் பிழைச்சதே பெரிசு."

அம்புஜம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் தொடர்ந்தார். "மூச்சு நின்னது அவருக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஊத்தினது யாருன்னுதான் தெரியலை. கவுனும் மாஸ்க்கும் போட்டா யார் முகம் தெரியும்? 'யாரோ என்னைக் கொல்ல வந்தாங்க, யாரு அது?'ன்னு வீட்டுக்குப் போயும் புலம்பிக்கிட்டே இருந்தார். கடைசியில அவர் மனைவியே ஒத்துக்கிட்டாங்க, நான்தான் ஊத்தினேன்னு. அப்போலேர்ந்து அவங்களைக் கண்டாலே பயம். பாவம், அறியாம செஞ்சுட்டாங்க. நீங்களும் திட்டாதீங்கம்மா."

அம்புஜம் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பூஜையறையில் வைத்திருந்த தலைக்காவேரித் தீர்த்தத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றி, முந்தானையில் மறைத்து ஐசியூவுக்குள் கொண்டுபோனது அவள்தான். அன்று சாயங்காலமே மூர்த்திக்கு உடம்பு மோசமாகிவிட்டது என்று கேள்விப்பட்டபோது, நல்லவேளை தீர்த்தம் கொடுத்தோம் என்று கும்பிட்டுக்கொண்டாள். அதுதான் தம்பியைக் காப்பாற்றியது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெஞ்சில் ருக்மிணி பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அது நான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி. அன்னைக்கே நர்ஸ் சொன்னாங்க. டாக்டர்கிட்டகூடச் சொல்ல வேண்டாம்னு நான்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்."

"அடிப்பாவி! அப்புறம் ஏண்டி பழியை உன் தலையில போட்டுக்கிட்டே? உன் புருஷன் உன்னைப் பார்த்து நடுங்கறானேடி!"

ருக்மிணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இரு, இப்பவே போய் அவன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்." அம்புஜம் அழுதுகொண்டே எழுந்தாள்.

ருக்மிணி அவள் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"வேண்டாம் அண்ணி. மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறந்ததும் அவரு என்னைத் தேடலை. 'அக்கா எங்கே'ன்னுதான் கேட்டாரு."