ஐந்து நட்சத்திர அடுப்பு

பதினொரு மணிக்குள் எஜமானி சிஞ்ஞோரா ஓர் அடுப்பைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும். யசிந்தனுக்கு அன்று வேண்டியது அவ்வளவுதான்.

சிஞ்ஞோராவோ கடைக்குள் நுழைந்து ஒரு மணித்தியாலமாக ஒவ்வோர் அடுப்பாகத் தடவிக்கொண்டிருந்தார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு நேரம் எடுக்கமாட்டார்கள்.

இத்தாலியின் மொண்டெல்லோவில் சிஞ்ஞோராவின் வீட்டைச் சூடாக்கும் பழைய விறகு அடுப்பு கரும்புகை கக்கும். பக்கத்து வீட்டு வக்கீல் முறைப்பாடு கொடுத்தார். இனி அந்தத் தெருவில் நான்கு நட்சத்திரத்துக்குக் குறைந்த அடுப்பை மூட்டக்கூடாது என்று நகரசபையின் கடிதம் வந்துவிட்டது. நட்சத்திரம் கூடக்கூடப் புகை குறையுமாம். ஹோட்டலுக்கு மட்டும்தான் நட்சத்திரம் என்று யசிந்தன் அதுவரை நினைத்திருந்தான்.

பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் சமைப்பதும் துடைப்பதும் அவன்தான். குளிர்காலத்தில் விடிய எழும்பி அடுப்பு மூட்டுவதும் அவன்தான். மூட்டப்போகிறவனே பார்த்துச் சொல்லட்டும் என்று சிஞ்ஞோரா அவனைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

பதினொன்றரைக்கு அண்ணன் சுரேஸ் யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பான். அங்கே அப்போது மாலை நாலு மணி.

அதற்குள் வீட்டுக்குப் போய், தலையில் தண்ணீர் வார்த்துவிட்டு, பின்வளவில் தனியாக நிற்க வேண்டும். இலங்கை எந்தப் பக்கம் என்று நேற்றே போனில் பார்த்து வைத்திருந்தான். எலுமிச்சை மரத்துக்கு நேரே.

ஊருக்குப் போக முடிந்திருந்தால் போயிருப்பான். அகதி என்று அவனுக்குக் கொடுத்த பத்திரத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ நாடுகளுக்குப் போகலாம். பிறந்த நாட்டுக்கு மட்டும் போக முடியாது.

சிஞ்ஞோராவிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அழுவார். அவரைத் தேற்றும் வேலையும் இவன் தலையில்தான் விழும். இன்றைக்கு அதற்கு அவனிடம் தெம்பில்லை.

பதினொன்றேகாலுக்குச் சிஞ்ஞோரா ஒன்றின் முன்னால் நின்றார். கறுப்பு இரும்பு, கண்ணாடிக் கதவு, ஐந்து நட்சத்திரம்.

கடைக்காரரின் முகம் மலர்ந்தது. புகையே அதற்குள் இன்னொரு தடவை எரிந்துவிடும் என்றார். நம்பாவிட்டால் மூட்டியே காட்டுகிறேன் என்று, அதே அடுப்பைக் குழாய் பொருத்தி வைத்திருந்த வாசல் பக்கத்துக்கு அழைத்துப் போனார். சிஞ்ஞோரா வாசலோரக் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

கடைக்காரர் ஈரம் பார்க்கும் கருவியை விறகில் குத்திக் காட்டினார். நன்றாகக் காய்ந்த விறகு. பிறகு அடுக்கத் தொடங்கினார். தடித்த கட்டைகள் கீழே, மெலிந்தவை அவற்றின்மேல், உச்சியில் சிராய்கள். இத்தனை வருடமாகச் செய்ததுபோலக் கீழே நெருப்பு வைக்கக்கூடாது, உச்சியில்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் புகையாது என்று பாடம் எடுத்தார்.

அடுக்கியிருந்த விறகிலிருந்து யசிந்தன் கண்ணை எடுத்துக்கொண்டான்.

கைப்பேசி அதிர்ந்தது. இன்னும் பதினொன்றரை ஆகவில்லை. அண்ணன் முந்திவிட்டான்.

“தம்பி, மழை இருட்டிக்கொண்டு வருது. இனிப் பிந்த ஏலாதாம். உனக்குப் பதிலா நான் வைக்கிறன். நீ அங்கை நிண்டு நினைச்சுக்கொள்.”

அதற்கு மேல் அண்ணனால் கதைக்க முடியவில்லை. பின்னால் யாரோ தேவாரம் படிப்பது மட்டும் கேட்டது.

கடைக்காரர் நீளத் தீக்குச்சி ஒன்றை உரசி அவனிடம் நீட்டினார். நாளைக்கு மூட்டப்போவது நீதானே, பழகிக்கொள் என்றார்.

யசிந்தன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டான். குனிந்து சப்பாத்துகளைக் கழற்றினான்.

தீக்குச்சியை வாங்கினான். அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றான். கையை மட்டும் பின்னால் கொண்டுபோய், தடவித் தடவி, உச்சியில் நெருப்பை வைத்தான்.

கடைக்காரர் பதறிப்போனார். யாராவது இப்படி அடுப்பு மூட்டுவார்களா, கை வெந்துவிடும், திரும்பிப் பார்த்து வை என்று கத்தினார்.

சிராய் பற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. யசிந்தன் சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நடந்தான். கண்ணீருக்குப் புகையின் மேல் பழி போடலாம் என்றால், இந்தப் பாழாய்ப்போன அடுப்பில் அதுவும் இல்லை.

கதிரையைத் தாண்டும்போது சிஞ்ஞோரா அவன் முகத்தைப் பார்த்துவிட்டார். எழும்பிக் கடைக்காரர்மேல் பாய்ந்தார். என் பையனின் கண்ணைப் பார், எப்படிக் கலங்கியிருக்கிறது, இதுவா உன் புகையாத அடுப்பு என்று கேட்டார். கடைக்காரர் ஐந்து நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

“யசி, நீயே சொல். புகைந்ததா இல்லையா?”

இந்த அடுப்பு வீட்டுக்கு வந்தால், குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு நாளும் விடிய அவன்தான் இதற்கு நெருப்பு வைக்க வேண்டும்.

“ஓம்” என்றான் நடந்தபடியே. பிறகு நினைவு வந்து இத்தாலியனில் சொன்னான், சரியான புகை என்று.

சிஞ்ஞோரா அந்த அடுப்பு வேண்டவே வேண்டாம் என்றார். பிறகு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். எங்கே போகிறாய், வெறுங்காலோடு எங்கே போகிறாய் என்று வாசல்வரை வந்து கூப்பிட்டார்.

யசிந்தன் திரும்பவில்லை.

அம்மாவுக்கு அவன்தான் கடைசி மகன். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக்கூடாது.