குடைக்குக் கீழே ஒரு நேர்முகத் தேர்வு

மண்டூரில் அவர்கள் வீட்டில் சிக்னல் நிற்பதில்லை; வாவிக்கரைக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. உச்சி வெயிலில் திரை தெரியவேண்டும் என்று அப்பா நல்லரத்தினம் குடை பிடித்து நிற்க, கவிழ்த்துப் போட்ட தோணியின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கம்சாயினி வேலைக்கான நேர்முகத் தேர்வில் இருக்கிறாள். செத்துப்போன கணினிகளைப் பிரித்து அவளே பொருத்தி எடுத்த கணினி அது. பாதிப் பேச்சில் படம் உறைகிறது. "சேர், கேக்குதா?" அவள் குரல் போகவில்லை, தேர்வு நடத்துபவர்களின் குரல் மட்டும் தெளிவாக வருகிறது. கொழும்பிலிருந்து பேசும் இருவரும் இணைப்பு அறுந்துவிட்டதென்றே நினைக்கிறார்கள். "பின்னால தண்ணி, தலைக்கு மேல குடை. இதுக்கு கம்ப்யூட்டர் வேலை கேக்குதாம்," என்கிறார் ஒருவர். மற்றவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "மூடு மகள், போவம்," என்கிறார் அப்பா, அவள் முகத்தைப் பாராமல். வாவியின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. காதுமடல்வரை கொதிக்கிறது அவளுக்கு. ஆனாலும் கணினியை மூடவில்லை. திரை சட்டென்று உயிர்பெறுகிறது. "ஆ, கம்சாயினி! வந்திட்டீங்களா?" சிரித்தவரின் குரலில் இப்போது தேன் வடிகிறது. "நான் போகவே இல்ல சேர். நீங்க கதைச்சதெல்லாம் எங்கட அப்பாவும் கேட்டவர். இப்ப நான் கதைக்கிறன், நீங்க கேளுங்க."