வினிஃப்ரெட்டுக்குக் கொடுத்தது

“வினிஃப்ரெட் யாருன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது, லம்லி. மறைக்காம சொல்லிடுங்க.”

டோரின் இபட்சன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

லம்லி பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தார். தெர்ஸ்க் ஊரின் சந்தைத் திடலைப் பார்த்த மாடியில் இருந்தது அவருடைய பழங்காசுக் கடை. டோரினின் கணவர் கிளிஃபர்ட் முப்பது வருஷமாக அங்கே வாங்கிச் சேர்த்தவை எல்லாம் இப்போது மேஜைமேல் தட்டுத் தட்டாகக் கிடந்தன. ஜனவரியில் கிளிஃபர்ட் போய்ச் சேர்ந்துவிட்டார். விலை மதிக்கச் சொல்லி டோரின் கொண்டுவந்திருந்தாள்.

“எனக்கு அப்படி யாரையும் தெரியாதும்மா. கிளிஃபர்ட் அந்த மாதிரி ஆளும் இல்ல. என் மனைவிகிட்ட முப்பது வருஷத்துல மழையைப் பத்தி மட்டும்தான் பேசியிருக்கார்.”

“என்கிட்ட அதுகூடப் பேசல.”

மூன்றாவது தட்டை அவர் பக்கம் தள்ளினாள். சிவப்புத் துணி விரித்த குழிகளில் ஒன்று மட்டும் காலி.

“ஸ்டீபன் ராஜா காலத்து வெள்ளிப் பென்னி, தொள்ளாயிரம் வருஷப் பழசு. யார்க் நகரத்துல அடிச்சது. பதினொரு வருஷம் காத்திருந்து உங்ககிட்டதானே வாங்கினார்?”

லம்லிக்கு முகம் வெளுத்துவிட்டது. “காணாமப் போச்சா?”

“காணாமப் போகல. குடுத்துட்டார்.”

நாணயம் கைமாறினாலும் அதன் அடியில் கிடக்கும் அட்டை குழியை விட்டுப் போகாது. எப்போது, யாரிடம் போனது என்று அதில் எழுதிவைப்பது சேகரிப்பவர்கள் வழக்கம். டோரின் கைப்பையிலிருந்து ஒரு சின்ன வட்ட அட்டையை எடுத்தாள்.

“வினிஃப்ரெட்டுக்குக் கொடுத்தது. ஏப்ரல் பதினாலு. அந்த மனுஷன் என்கிட்டப் பொய் சொல்வார். அட்டையில பொய் எழுதமாட்டார்.”

“போன வருஷ ஏப்ரல்ல நீங்க ஆஸ்பத்திரியில இல்ல இருந்தீங்க?”

“அதைத்தான் சொல்றேன்! வயித்துல கட்டியை எடுத்து மூணாம் நாள் அது. பதினாலாம் தேதி விடியக்காலைதான் டாக்டர் ‘இனி பயமில்ல’ன்னாராம். அதைக் கேட்டதும் இவர் எழுந்து போயிட்டாராம், நர்ஸ் சொன்னா. நான் கண்ணைத் திறந்து பார்க்கறேன், பக்கத்து நாற்காலி காலி. மறுநாள் வந்து நின்னவர் ‘நாணயச் சந்தைக்குப் போயிருந்தேன்’ங்கறார்.”

“அன்னைக்கு எங்கயும் சந்தை நடக்கலையே.” சொன்ன பிறகுதான் லம்லி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“தெரியும். வேல்ஸ்ல ஃபிளின்ட்னு ஒரு ஊர். அங்க ராத்திரி தங்கின ரசீது அவர் கோட்டுப் பையில இருந்துது.”

லம்லி தேநீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் தொடவில்லை.

“மத்தியானம் கல் கொத்தறவருக்குப் பதில் சொல்லணும். கல்லறைக் கல்லுல அவர் பேருக்குக் கீழ என் பேருக்கு இடம் விடவா வேண்டாமான்னு கேக்கறார். நாப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினவ நான். வேண்டாம்னுதான் சொல்லப்போறேன். அவ யாருன்னு தெரிஞ்சுக்கிட்டுச் சொல்றேன், அவ்வளவுதான். இதையெல்லாம் வித்துடுங்க. தட்டுல இருக்கற மெடலுங்களையும் சேர்த்து. ஒண்ணு மிச்சம் வைக்காதீங்க.”

“அந்த அட்டையைக் கொஞ்சம் குடுங்க.”

ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தார். பென்சிலில் எறும்பு எழுத்து.

“முன்னால ‘வளைத்து’ன்னு ஒரு வார்த்தை இருக்கே, பார்த்தீங்களா?”

“பார்த்தேன். மோதிரமா வளைச்சுக் குடுத்தாரோ, தோடா வளைச்சுக் குடுத்தாரோ! யார் கண்டா?”

“கிளிஃபர்ட்டா? காசுமேல யார் விரல் பட்டாலும் கத்தற மனுஷன், அந்தப் பென்னியை வளைச்சாரா?” லம்லி பொத்தென்று உட்கார்ந்தார். “நாலாயிரம் பவுண்டு காசு அது. வளைச்சா நானூறுகூடப் பெறாது. அவருக்குத் தெரியாததா?”

“அவ்வளவு ஒசத்தி அவ!” டோரின் காலிக் குழியை விரலால் குத்திக் காட்டினாள். “எனக்குக் கல்யாண நாளுக்கு ஒரு பூ வாங்கினதில்ல.”

லம்லி அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார்.

“ஃபிளின்ட் பக்கத்துல ஒரு ஊத்து இருக்கு. நோயாளிங்க போய் முங்குவாங்க.”

“ஓகோ, அங்கதான் ரெண்டு பேரும் சந்திச்சுக்கிட்டாங்களா?”

“கொஞ்சம் கேளுங்கம்மா. இந்தக் காசெல்லாம் புழங்கின காலத்துல ஒரு பழக்கம் இருந்துது. வீட்டுல யாராவது சாகக் கிடந்தா, அவங்க தலைக்கு மேல ஒரு வெள்ளிப் பென்னியைப் பிடிச்சு வளைப்பாங்க. நேந்துக்கறது. அப்புறம் அந்தக் காசை வீட்டுல வச்சுக்கக் கூடாது. ஆள் பிழைச்சதும், நேந்துக்கிட்ட புனிதரோட கோயில்ல கொண்டுபோய்ச் சேர்த்துடணும்.”

“சர்ச் வாசப்படியை மிதிக்காத மனுஷன் அவர். எனக்குச் சரித்திரம் சொல்லி அவரைக் காப்பாத்தப் பார்க்காதீங்க!” டோரின் எழுந்துவிட்டாள். “அந்த வினிஃப்ரெட் எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நேர்ல போய் நாலு வார்த்தை கேட்டாத்தான் என் மனசு ஆறும்.”

லம்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தாராளமா போய்ப் பாருங்க, டோரின். அந்த ஊத்தே அவ பேர்லதான் இருக்கு. ஆனா அவ செத்து ஆயிரத்து முந்நூறு வருஷமாச்சு.”